காண்டலும் கவர்தலும்: ஆபிரிக்க வனவிலங்குப் பயணங்கள் எழுப்பும் ஓர் அறவினா

ஒரு பொருளைப் பார்ப்பதனால் அப்பொருளுக்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லை என்பது பொதுவான நம்பிக்கையாகும். எடுத்தல், உடைத்தல், கொல்லுதல் முதலிய செயல்கள் அறத்தின் விசாரணைக்கு உட்பட்டவை. பார்த்தலோ அவ்விசாரணைக்கு அப்பாற்பட்டது என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. பிறர் தோட்டத்து மாங்கனியைப் பறித்தவன் குற்றவாளியாகின்றான். வேலிக்கு வெளியே நின்று அதனைப் பார்த்துவிட்டுச் சென்றவன்மீது எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையானது என்பதைச் சோதித்தறிய வேண்டுமாயின், பார்த்தலையே தனது முழு நோக்கமாகக் கொண்ட ஒரு செயலை எடுத்துக்கொள்ளுதல் பொருத்தமாகும். கிழக்கு ஆபிரிக்கப் புல்வெளிகளில் விலங்குகளையும் பறவைகளையும் காண்பதற்கும் படம் பிடிப்பதற்கும் மேற்கொள்ளப்படும் ‘சபாரி’ப் பயணம் அத்தகையதொரு செயலாகும்.

‘சபாரி’ என்பது பிரயாணம் எனப் பொருள்படும் சுவாகிலிச் சொல். அது அரபு மொழியிலிருந்து அம்மொழிக்கு வந்தது. ஐரோப்பியரின் வாயில் அச்சொல் வேட்டைப் பயணத்தைக் குறிக்கலாயிற்று. இன்று அதன் பொருள் மீண்டும் மாறியுள்ளது. விடியற்காலையில், கூரை திறக்கப்பட்ட ஜீப் வண்டியொன்றில் ஐந்தாறு பேர் அமர்ந்திருப்பர். அவர்கள் கைகளில் தொலைநோக்கிகளும் நீண்ட வில்லைகள் பூட்டிய கமராக்களும் இருக்கும். சாரதியே வழிகாட்டியுமாவார். கறையான் புற்றின்மீது நிற்கும் சிவிங்கியை ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தே அவர் கண்டுகொள்வார். பறக்கும் பருந்தின் வாலைக்கொண்டு அதன் இனத்தைச் சொல்வார். வந்தவர் எதனையும் தொடுவதில்லை, எதனையும் கொல்வதில்லை. படங்களையன்றி வேறெதனையும் எடுத்துச் செல்லலாகாது என்பதே இப்பயணங்களின் எழுதப்படாத விதியாகும். ஆயின், இவ்வாறு எதனையும் தொடாத பார்வை, எதனையும் பாதிக்காத பார்வையாகவும் இருக்கின்றதா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

துப்பாக்கியும் கமராவும்

இவ்வினாவை ஆராயப் புகுமுன், துப்பாக்கியின் இடத்திற்குக் கமரா வந்து சேர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1909ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூஸ்வெல்ட், அவ்வாண்டிலேயே தம் மகனுடன் கிழக்கு ஆபிரிக்காவுக்குச் சென்றார். ஏறத்தாழ ஓராண்டு நீடித்த அப்பயணத்தில் தந்தையும் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகளும் பறவைகளும் 512 என அவரே தமது நூலில் பட்டியலிட்டுள்ளார். ஈண்டு ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அப்பயணம் வெறும் விளையாட்டு வேட்டையாக முன்வைக்கப்படவில்லை. வாஷிங்டன் அரும்பொருட்காட்சிச்சாலைக்கு மாதிரிகள் சேகரிப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அதாவது, மக்கள் ‘காணும் பொருட்டே’ அவை கொல்லப்பட்டன. கொலை அங்கே பார்வைக்குப் பணிபுரிந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஜெர்மானியரான கார்ல் கேயோர்க் சில்லிங்ஸ், இரவில் ஒளிப்பொறியைக் கொண்டு ஆபிரிக்க விலங்குகளைப் படம் பிடித்திருந்தார். 1905இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே ஒளிப்பொறியையும் துப்பாக்கியையும் ஒருசேரச் சுட்டுவதாகும். இரண்டும் அவர் கையில் இருந்தன. சிங்கங்களை ஒளிப்பொறியின் முன் வரவழைப்பதற்கு உயிருள்ள கால்நடைகளை அவர் இரையாகக் கட்டிவைத்தார். ஆபிரிக்க வனவிலங்குப் படக்கலையின் தொடக்கத்திலேயே, காண்பதற்காக ஓர் உயிரைப் பணயமாக வைக்கும் வழக்கமும் இருந்தது என்பதை இது காட்டுகின்றது.

பின்வந்த காலத்தில் கமராவே மேலோங்கியது. கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. அதே ஆண்டில் வெளிவந்த சூசன் சொன்ராக்கின் புகைப்படக்கலை பற்றிய நூலும், சபாரியில் துப்பாக்கியின் இடத்தைக் கமரா பிடித்துக்கொண்டதைச் சுட்டிக்காட்டியது. ஆயுதம் மாறியதேயன்றி உறவு மாறியதா என்னும் ஐயம் அவரது எழுத்தில் தொனிக்கின்றது. இம்மாற்றம் ஓர் ஒழுக்க முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை. படம் பிடிக்கப்பட்ட யானை மறுநாளும் நீரருந்தச் செல்கின்றது. சுடப்பட்ட யானை செல்வதில்லை. இவ்விரண்டையும் சமமாகக் கொள்வோர் யானையின் பக்கத்தில் நின்று சிந்திக்காதவராவர். எனினும், பெரிய தீங்கொன்று நீங்கியமையால் எஞ்சியவையெல்லாம் நன்மையே எனக் கொள்வது தருக்க வழுவாகும். கொலையோடு ஒப்பிடுமிடத்துப் பார்வை குற்றமற்றதாகத் தோன்றுவது இயல்பு. பார்வையைப் பார்வையாகவே வைத்து நோக்கும்போதுதான் அதன் இயல்பு புலனாகும்.

பார்வையின் விலை

தரையில் வாழும் விலங்குகளுள் மிக விரைந்து ஓடுவது சிவிங்கி. சிங்கமும் கழுதைப்புலியும் அதனைவிட வலியவை. அது கொன்ற இரையை அவை பறித்துக்கொள்ளக்கூடியவை. ஆகவே அவை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் பகற்பொழுதிலேயே சிவிங்கி வேட்டையாடுகின்றது. உல்லாசப் பிரயாணிகள் உலாவுவதும் பகலிலேயே. இவ்வொற்றுமையே சிவிங்கிக்கு இடராய் முடிகின்றது. திறந்த வெளியில் ஒரு சிவிங்கி காணப்பட்டதும் அச்செய்தி வானொலிக் கருவிவழி ஒரு சாரதியிடமிருந்து இன்னொரு சாரதிக்குச் செல்கின்றது. சிறிது நேரத்தில் வண்டிகள் சூழ்ந்துகொள்கின்றன. அது பதுங்கிச் செல்லவேண்டிய வழியில் ஒரு வண்டி நிற்கின்றது; அது குறிவைத்த மான் இன்னொரு வண்டியின் ஓசையால் எச்சரிக்கையடைகின்றது.

கென்யாவின் மசாய் மாராப் பகுதியில் நிகழ்த்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வொன்று இதன் விளைவை எண்களில் காட்டுகின்றது. உல்லாசப் பிரயாணிகள் குறைவாகச் செல்லும் பகுதிகளில் வாழ்ந்த தாய்ச் சிவிங்கிகள் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் பருவம்வரை வளர்த்தெடுத்தன. உல்லாசப் பிரயாணிகள் மிகுதியாகச் செல்லும் பகுதிகளிலோ அச்சராசரி 0.2 ஆக இருந்தது. வண்டிகள் குட்டிகளை நேரடியாகக் கொன்றன என்று அவ்வாய்வு கூறவில்லை. எவரும் கல்லெறியவில்லை, எவரும் துரத்தவில்லை. பலர் பார்த்தார்கள், அவ்வளவே. ஒவ்வொருவர் பார்வையும் சில நிமிடங்களே நீடித்தது. ஆயின் தாய்க்கு அது நாள் முழுவதும் நீங்காத பார்வையாயிற்று.

இவ்விடத்தில் அறவியலின் ஒரு பழைய அளவுகோல் போதாமற் போவதைக் காணலாம். விலங்குகள் சிந்திக்க வல்லனவா, பேச வல்லனவா என்பதன்று, அவை துன்புற வல்லனவா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி எனும் கருத்தை ஜெரமி பெந்தம் 1789இல் வெளியான தமது நூலில் முன்வைத்தார். விலங்குகள்பால் மனிதருக்குள்ள கடமைகளை உணர்த்துவதில் இக்கருத்து ஆற்றிய பணி பெரிது. ஆனால் மேற்கூறிய சிவிங்கியின் நிலையில், பார்த்தவர் எவரும் எத்துன்பத்தையும் ஏற்படுத்தியதாக உணர்வதற்கு இடமில்லை. சிவிங்கி அலறவில்லை, ஓடவுமில்லை. வண்டிகளுக்குப் பழகி, சிலவேளை வண்டியின் கூரைமீதே அது ஏறி அமர்வதுமுண்டு. அவ்வமைதியைச் சம்மதமெனப் பார்வையாளர் கொள்கின்றனர். கண்ணெதிரே துன்பம் தோன்றாத இடத்திலும் தீங்கு நிகழ்தல் கூடும் என்பதும், தனித்தனியே குற்றமற்ற செயல்கள் பல ஒன்றுசேர்ந்து குற்றமாகலாம் என்பதும் இதனாற் பெறப்படும்.

பறவைகளின் நிலையும் இத்தகையதே. இலங்கையிற் காணப்படும் பனங்காடையின் ஆபிரிக்க உறவினமொன்று, ஊதா நிற நெஞ்சினையுடையது, அப்புல்வெளிகளில் மிகுதியாகப் படம் பிடிக்கப்படும் பறவைகளுள் ஒன்றாகும். மரக்கிளையின் நுனியில் அது அசையாதமர்ந்து தரையிலுள்ள பூச்சிகளை நோக்கியிருக்கும். அதன் சிறகுகளின் ஒளிமிக்க நீலம் முழுமையாகப் புலப்படுவது அது பறக்கும்போதுதான். ஆகவே படம் பிடிப்போனுக்கு இரு வழிகள் உள்ளன. அது தானாகப் பறக்கும்வரை காத்திருத்தல் ஒன்று; வண்டியை நெருக்கியோ கைதட்டியோ அதனைப் பறக்கச்செய்தல் மற்றொன்று. கிடைக்கும் படம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். படத்தைப் பார்ப்பவர் அவ்வேறுபாட்டை அறியார். பறவை மாத்திரமே அறியும்.

பதிவு செய்யப்பட்ட குரலை ஒலிக்கச்செய்து பறவைகளை வெளியே அழைக்கும் வழக்கமும் பறவை நோக்குவோரிடையே உண்டு. தன் எல்லைக்குள் பகைவனொருவன் நுழைந்துவிட்டதாக எண்ணி, இரைதேடுதலையும் கூட்டினையும் விட்டுப் பறவை வெளிவருகின்றது. அது இல்லாத எதிரியோடு போராடுகையில் கமரா இயங்குகின்றது. கூட்டினை மறைத்துநிற்கும் இலைகளைத் தெளிவான படத்திற்காக விலக்கிவிடுவோரும் உளர். இலைகள் தந்த நிழலும் மறைவும் நீங்கியபின், வெயிலும் பிற கொன்றுண்ணிகளும் அக்குஞ்சுகளை எளிதிற் கண்டுகொள்கின்றன. காட்டப்படாமை என்பதே பல உயிர்களுக்குக் காப்பாகும். காண விழைபவன் முதலில் நீக்குவதும் அக்காப்பினையே.

காணப்படுதல் எவ்வாறு சாவுக்கு வழியாகலாம் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகள் துயரமான எடுத்துக்காட்டாகும். இறந்த விலங்கின்மேல் அவை வானில் வட்டமிடுதல், அங்கே பிணமொன்று கிடப்பதை வனக்காவலருக்கு உணர்த்துகின்றது. தந்தத்திற்காக யானையைக் கொன்ற கள்ள வேட்டைக்காரர் இதனை அறிவர். ஆகவே யானையின் உடலில் நஞ்சூட்டிக் கழுகுகளையும் கொல்கின்றனர். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொட்சுவானாவில் மூன்று யானைகளின் உடல்களருகே 537 கழுகுகள் இவ்வாறு மாண்டு கிடந்தன. உல்லாசப் பிரயாணிகளின் படங்களும் அறியாமலே இத்தகைய தகவலாளராகலாம். இன்றைய கருவிகள் படத்துடன் அது எடுக்கப்பட்ட இடத்தையும் பதிந்துவைக்கின்றன. காண்டாமிருகத்தின் படத்தை இடக்குறிப்புடன் வெளியிடலாகாது எனப் பூங்காக்களில் எச்சரிக்கப்படுவது இதனாலேயே. அன்பினால் எடுக்கப்பட்ட படமும் கொலைக்கு வரைபடமாகலாம்.

பார்வைக்குப் புறம்பாக்கப்பட்டோர்

பார்வை விலங்குகளை மாத்திரம் பாதிப்பதில்லை. எதனைப் பார்க்கவேண்டும் என்பதை முடிவு செய்பவர், எதனைப் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் முடிவு செய்கின்றார். இவ்வுண்மையைச் செரெங்கெற்றியின் வரலாறு தெளிவுறுத்துகின்றது.

பிராங்க்போர்ட் விலங்கியற் பூங்காவின் தலைவராயிருந்த பேர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மிக்காயேலும் 1950களின் இறுதியில் வரிக்குதிரைபோல் கோடுகள் தீட்டப்பட்ட சிறு விமானமொன்றில் செரெங்கெற்றியின்மீது பறந்து, அங்குள்ள விலங்குக் கூட்டங்களைக் கணக்கிட்டனர், அவற்றின் இடப்பெயர்வுப் பாதைகளை ஆராய்ந்தனர், திரைப்படமும் எடுத்தனர். 1959 ஜனவரியில் அவ்விமானம் பிணந்தின்னிக் கழுகொன்றுடன் மோதி விழுந்ததில் மிக்காயேல் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 24. செரெங்கெற்றி சாகலாகாது என்னும் பொருள்படும் தலைப்புடன் அவ்வாண்டே வெளிவந்த திரைப்படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் விருதினைப் பெற்றது. அப்புல்வெளியை உலகத்தின் சொத்தாக உலகம் கருதத் தொடங்கியதற்கு அப்படம் ஒரு முக்கிய காரணமாகும். பார்வை ஒன்று நிலமொன்றைக் காப்பாற்ற வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. அப்பார்வைக்காக ஓர் இளைஞர் தம் உயிரையே கொடுத்தார் என்பதையும் மறத்தலாகாது.

ஆயின் அதே 1959ஆம் ஆண்டில் நிகழ்ந்த பிறிதொன்றும் உண்டு. செரெங்கெற்றித் தேசிய பூங்காவின் எல்லைகள் பிரித்தானிய ஆட்சியினரால் மாற்றியமைக்கப்பட்டன. அங்கே கால்நடை மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் பூங்காவைவிட்டு வெளியேற்றப்பட்டு, புதிதாகப் பிரிக்கப்பட்ட நுகோரோங்கோரோப் பாதுகாப்புப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டனர். தேசிய பூங்காவினுள் மனிதர், அந்நிலத்துக்குரிய மக்களேயாயினும், வாழ்தல் கூடாது என்பது கிர்சிமெக்கின் கொள்கையாகவும் இருந்தது. மனிதக் கைபடாத ஆதி இயற்கை என்னும் காட்சியை உலகம் விரும்பியது. அக்காட்சியில் மாடு மேய்ப்பவனுக்கு இடமில்லை. ஆனால் அப்புல்வெளியோ மசாய் மக்களும் அவர்தம் மந்தைகளும் வனவிலங்குகளும் தலைமுறை தலைமுறையாக ஒருங்கே பயன்படுத்திய புல்வெளியாகும். ‘செரெங்கெற்றி’ என்னும் பெயரே மசாய் மொழியிலிருந்து வந்ததாகும். பெயர் எஞ்சியது, பெயரிட்டவர் வெளியேற்றப்பட்டனர்.

இது முடிந்துபோன கதையுமன்று. தன்சானியாவின் வடபகுதியிலுள்ள லொலியொண்டோவில் ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்தை வனவிலங்குகளுக்கென எல்லையிட 2022 ஜூன் மாதத்தில் அரசு முற்பட்டபோது, மசாய் மக்கள் எதிர்த்து நின்றனர், மோதல் ஏற்பட்டது. வனவிலங்குகளைக் காத்தல் வேண்டும் என 1961இல் அருஷா நகரிற் பிரகடனம் செய்தவர் அந்நாட்டின் தந்தையான ஜூலியஸ் நியரேரேயே. ஆகவே பாதுகாப்பு என்பது வெளியாரின் விருப்பம் மட்டுமே எனவும் கூறிவிட முடியாது. கேள்வி அதுவன்று. பாதுகாப்பின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே கேள்வி. காண்பவர் ஒரு வாரத்துக்குரிய கட்டணத்தைச் செலுத்துகின்றார். காணப்படும் நிலத்துக்குரியவர் தமது மேய்ச்சல் நிலத்தையே செலுத்துகின்றார். பிறகு, வெளியேற்றப்பட்ட அதே மக்கள், சிவப்பு ஆடையணிந்து வழியோரத்தில் நின்று படம் பிடிக்கப்படும் பொருளாகவும் ஆகின்றனர்.

பயன்வாதமும் அதன் எல்லையும்

இவற்றிற்கு விடையாக ஒரு வலிய வாதம் முன்வைக்கப்படுகின்றது. உல்லாசப் பிரயாணிகள் வராவிட்டால் பூங்காக்களுக்கு வருவாய் இல்லை; வருவாய் இல்லாவிட்டால் வனக்காவலர் இல்லை; வனக்காவலர் இல்லாவிட்டால் விலங்குகளும் இல்லை. ஆகவே பார்வையினால் விளையும் சிறு தீங்கு, அதனாற் கிடைக்கும் பெருநன்மைக்காகப் பொறுத்துக்கொள்ளத்தக்கது என்பதே அவ்வாதம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. மசாய் மாராவைச் சூழவுள்ள நிலங்களில் மசாய் நிலவுரிமையாளரே தம் காணிகளை ஒன்றிணைத்து வாடகைக்கு வழங்கும் பாதுகாப்பகங்கள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருவாகின. அங்கே தங்குமிடங்களின் எண்ணிக்கையும் வண்டிகளின் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒழுங்குமுறைக்குட்பட்டு மாடுகளும் மேய்கின்றன. நிலத்துக்குரியவர் மாதந்தோறும் பணம் பெறுகின்றனர். 2020இல் கொள்ளைநோய் உலகெங்கும் பிரயாணத்தை நிறுத்தியபோது இவ்வருவாய் வீழ்ந்தது. பார்வையாளர் வராமையும் ஒரு தீங்காகலாம் என்பதை அது உணர்த்தியது. ஆகவே, எவரும் போகாதிருத்தலே அறம் என்னும் எளிய தீர்ப்புக்கு இடமில்லை.

எனினும் பயன்வாதம் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. பார்வையாளர் வருவது நன்மை என்பதை அது நிறுவுகின்றது. வந்தவர் எவ்வாறு பார்க்கவேண்டும் என்பதைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவுமில்லை. மாராவில் ஒரு விலங்கினருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது, 25 மீற்றருக்கு உட்பட்டு நெருங்கலாகாது என விதிகள் உள்ளன. அவ்விதிகளை மீறுபவர் சாரதிகள் என்றே குற்றஞ்சாட்டப்படுவது வழக்கம். ஆனால் சாரதியின் குடும்ப வருமானத்தில் பயணத்தின் இறுதியில் வந்தவர் கொடுக்கும் அன்பளிப்பு ஒரு பெரும்பகுதியாகலாம். ‘இன்னும் சிறிது நெருங்கலாமே’ எனப் பின்னிருக்கையிலிருந்து எழும் மெல்லிய குரலை மறுப்பதற்கு அவர் எவ்வளவு இழக்க நேரிடும் என்பதை அக்குரலுக்குரியவர் எண்ணுவதில்லை. விதியை மீறியது சாரதியின் கை. மீறச்செய்தது பார்வையாளரின் ஆசை. தான் தீங்கு செய்யாமல் பிறர் கையினால் தீங்கு செய்விப்பவனின் குற்றத்தைத் தமிழ் அறநூல்கள் நன்கு அறிந்திருந்தன. கொன்று விற்பவனையன்றி, உண்ணும் பொருட்டு வாங்குபவனையும் விசாரித்த மரபு அது.

கவனித்தலும் கவர்தலும்

இனி, பார்வையின் உள்ளியல்பை நோக்கலாம். ஆங்கில மெய்யியலாளரும் நாவலாசிரியருமான ஐரிஸ் மேர்டொக், 1970இல் வெளியான தமது நூலொன்றில் ஓர் எளிய உதாரணத்தைத் தருகின்றார். தன் மதிப்புக்கு நேர்ந்த இழுக்கொன்றை எண்ணி மனம் புழுங்கியவாறு ஒருவர் சாளரத்தினூடே வெளியே பார்க்கின்றார். அங்கே சிறு வல்லூறொன்று வானில் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருக்கின்றது. அக்கணத்தில் யாவும் மாறிவிடுகின்றது. புழுங்கிய ‘தான்’ மறைந்து வல்லூறு மாத்திரமே எஞ்சுகின்றது. மீண்டும் பழைய எண்ணத்துக்குத் திரும்பும்போது அது முன்போல் பெரிதாகத் தோன்றுவதில்லை. சிமோன் வேயின் சிந்தனையாற் பெரிதும் பாதிக்கப்பட்ட மேர்டொக்கிற்கு, ஒழுக்கம் என்பது செயலில் மாத்திரமன்றிக் கவனிப்பிலும் தொடங்குவதாகும். பிறிதொன்று, தன்னின் வேறாய், தன் விருப்பத்துக்குக் கட்டுப்படாததாய் உள்ளது என்பதை முழுமனத்தோடு உணர்தலே நன்மையின் முதற்படி என்பது இதனாற் போதரும்.

இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டால், படம் பிடித்தலின் உள்ளே இருக்கும் முரண்பாடு தெளிவாகின்றது. நல்ல பறவைப் படத்தை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். பறவையின் பழக்கங்களை அறிதல் வேண்டும். மணிக்கணக்கில் தன்னை மறந்திருத்தல் வேண்டும். இவ்வகையில் கமரா கவனிப்பின் ஆசிரியனாகின்றது. வெறுங்கண்ணுடன் வந்தவன் சிங்கத்தை நோக்கி விரைந்து கடந்து சென்ற ஆட்காட்டிக் குருவியையும் எருமையின் முதுகிலமர்ந்து உண்ணி கொத்தும் சிறு பறவையையும், கமராவுடன் காத்திருப்பவன் கண்டுகொள்கின்றான். ஆயின் அதே கமரா, மறைந்துபோன ‘தான்’ என்பதனை மீண்டும் கொண்டுவந்து நிறுத்துகின்றது. யான் கண்டேன், என்னிடம் உள்ளது, பிறர் எடுத்ததைவிட என் படம் நெருக்கமானது என்னும் எண்ணங்கள் எழுகின்றன. வல்லூறு மறைந்து, வல்லூற்றை உடையவன் எஞ்சுகின்றான்.

இவ்வேறுபாட்டைத் தமிழ்மொழி தன் சொற்களிலேயே பொதிந்து வைத்துள்ளது. ‘நோக்கு’ என்பது பார்வையையும் ‘நோக்கம்’ என்பது கருத்தையும் குறித்தலால், பார்வைக்குப் பின்னே ஓர் எண்ணம் உண்டு என்பது சொல்லளவிலேயே உணரப்படும். மேலும், படத்தைத் தமிழர் ‘பிடிக்கின்றனர்’ அல்லது ‘எடுக்கின்றனர்’. மீனைப் பிடித்தலும் கிளியைப் பிடித்தலும் படத்தைப் பிடித்தலும் ஒரே வினை. இதற்கு எதிராகக் ‘காட்சி கொடுத்தல்’ என்னும் வழக்கும் உண்டு. கோயிலிலே இறைவன் காட்சி கொடுக்கின்றான். அடியவன் காட்சி பெறுகின்றான். அங்கே கொடுப்பவன் காணப்படுபவனே. காண்பவன் இரந்து நிற்பவன். இரப்பவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. பறிக்கும் உரிமை இல்லை. நடை சாத்தியிருப்பின் அவன் வெளியே காத்திருப்பான். அல்லது திரும்பிச் செல்வான். விலங்கையும் பறவையையும் தெய்வமாகக் கொள்ளவேண்டும் என்பது இதன் கருத்தன்று. காட்சி என்பது காணப்படுவதன் கொடை என்னும் உணர்வு காண்பவனிடம் இருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

அகநானூற்றின் நான்காம் பாடலிற் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனை இங்கு நினைவுகூர்தல் தகும். பிரிந்திருந்த தலைவியைக் காணத் தேரில் விரைந்து வருகின்றான் அவன். பூத்த சோலையில் துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலங்கிவிடுமோ என அஞ்சி, மணிகளின் நாவினை ஒலிக்காதவாறு கட்டிவிடுகின்றான். ஈண்டு கவனிக்கத்தக்கது, அவன் வண்டுகளைப் பார்க்க வந்தவனல்லன் என்பதாகும். அவற்றால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவனுக்கோ அவசரம் மிகுதி. இருந்தும், தன் பாதையில் வேறு உயிர்களின் வாழ்வு நடந்துகொண்டிருக்கின்றது என்பதை அவன் கவனித்தான். கவனித்ததற்கேற்பத் தன் ஊர்தியை அடக்கிக்கொண்டான். பார்க்கவென்றே வரும் வண்டிகள் அவ்வளவாவது செய்தல் வேண்டுமன்றோ?

முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பார்த்தலும் ஒரு செயலே என்பதும், ஏனைய செயல்களைப்போல அதற்கும் விளைவு உண்டு என்பதும் பெறப்படும். அச்செயல் அறத்தின்பாற்படுவது எப்போது என்னும் வினாவுக்கு, வண்டிகளின் எண்ணிக்கையும் தூரமும் பற்றிய விதிகள் ஒரு பகுதி விடையையே தருகின்றன. எஞ்சிய பகுதி காண்பவனின் மனத்திலேயே உள்ளது. அதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. காணாமல் திரும்ப அவனால் முடியுமா என்பதே அச்சோதனை. ஆறாவது வண்டியாகச் சென்று சேரும்போது, சிவிங்கியை விட்டு வேறு வழியிற் செல்லுமாறு சாரதியிடம் சொல்ல அவனால் முடியுமாயின், அவன் கமராவுடன் வந்தவனாயினும் கவர வந்தவனல்லன். பனங்காடை பறக்காமலே பொழுது சாய்ந்துவிட, அதன் சிறகின் நீலத்தைக் காணாமலே அவன் திரும்புவானாயின், அப்பறவையைச் சரியாகக் கண்டவன் அவனே. மறுக்கப்படுவதை ஏற்க இயலாத பார்வை, எவ்வளவு அன்புடையதாகத் தன்னைச் சொல்லிக்கொண்டபோதிலும், வேட்டையின் தொடர்ச்சியே ஆகும்.

இது எளிதான சோதனையன்று. வாழ்நாளில் ஒருமுறை, பெரும்பொருள் செலவிட்டு, கடல் கடந்து வந்தவனிடம் வெறுங்கையுடன் திரும்பு எனக் கூறுதல் கடினமானது. செலுத்திய பணத்துக்குரிய பொருளைக் கேட்டுப் பெறுவதே முறையென வணிக உலகம் அவனுக்குக் கற்பித்துள்ளது. ஆயின் அவன் செலுத்திய பணம் பூங்காவின் வாயிலைத் திறப்பதற்கேயன்றிச் சிவிங்கியை விலைக்கு வாங்குவதற்கன்று. அவ்விலையில் ஒரு பகுதியை ஏற்கெனவே தம் நிலத்தால் செலுத்தியவர்கள் வாயிலுக்கு வெளியே மாடு மேய்த்து நிற்கின்றனர் என்பதும், இன்னொரு பகுதியைத் தன் குட்டிகளால் செலுத்திய தாயொன்று புற்றின்மீது நிற்கின்றது என்பதும் அவனது கவனத்துக்கு உரியனவாகும். யால வனத்திற் சிறுத்தையைக் காண வரிசையாக நிற்கும் ஜீப் வண்டிகளை அறிந்தோர்க்கு, இவ்வினா ஆபிரிக்காவுக்கு மாத்திரம் உரியதன்று என்பதும் விளங்கும்.

கொல்லாமையை மனிதன் கற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. இன்னும் முற்றாகக் கற்றுக்கொண்டானில்லை. கவராமல் காண்பது அதற்கடுத்த பாடமாகும்.